டைப்பக்காவும் ஒரு டப்பா கேசட்டும்

எங்கள் அருங்காட்சியகத்துக்குள் வருகிறவர்களில் பாதிப்பேர் மழைக்கு ஒதுங்குகிறவர்கள். மீதியில் பாதிப்பேர் கழிப்பறை எங்கே என்று கேட்பவர்கள். வாசலில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிறவன் நான் என்பதால் இதை அடித்துச் சொல்ல முடியும். வரலாற்றின் மேல் ஆசைப்பட்டு வந்தவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். அதிலும் கட்டைவிரல் மிச்சமாகும்.

கட்டடம் முன்பு குடிநீர் அலுவலகமாக இருந்தது. மழைக்காலத்தில் சுவர் இன்றைக்கும் அதை மறப்பதில்லை. முன்னறையில் மூடிப்போன பாட்டில் தொழிற்சாலையின் இரும்பு அச்சுகள், பச்சை பாட்டில்கள், தீயணைப்பு வண்டியின் மணி, பல் டாக்டர் ஒருவரின் பழைய நாற்காலி எல்லாம் இருக்கின்றன. அந்த நாற்காலியில் உட்காராதீர்கள் என்று அட்டையில் எழுதி வைத்திருக்கிறோம். அதைக் கண்ணால் பார்த்த யாருக்கும் உட்காரத் தோன்றாது என்பது வேறு விஷயம்.

பின்னறைக்கு ஆவணக் காப்பகம் என்று பலகை. பேர்தான் பெரிய பேர். உள்ளே சில இரும்பு பீரோக்கள், ஒரு மேசை, ஒரு ஜன்னல், ஒரு தட்டெழுத்து மெஷின், ஒரு டைப்பக்கா. சம்பளப் பட்டியலிலிருந்து அவர் பேர் எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் எனக்கு முன்னால் வந்து, எனக்குப் பின்னால் போவார். ஏன் என்று கேட்க எந்த அதிகாரிக்கும் தைரியம் வந்ததில்லை.

அவர் தபால் பிரிக்கிறவரின் மூத்த மகள். தட்டெழுத்துப் பள்ளியில் விசைகளின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டுத்தான் பழக்கினார்களாம். அந்தப் பழக்கத்தில் இன்றும் விசையைப் பார்க்க மாட்டார். எதிரில் இருக்கிற ஆளைப் பார்த்துக்கொண்டே அடிப்பார். முன்னால் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு வியர்த்துவிடும். படிப்பு முடிந்ததும் பாட்டில் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது.

அங்கே இருந்த மேலாளருக்குச் சாக்கடை வாய். "அந்தத் தடியன் நாளைக்கு கேட்டுல வந்து நின்னான்னா காலை ஒடிச்சுடுவேன்னு எழுது" என்பார். டைப்பக்கா முகம் மாறாமல், 'தங்கள் பணி நாளை முதல் தேவைப்படவில்லை என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று அடித்து நீட்டுவார். மேலாளர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். வேலை போனவர்களில் சிலர் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அவ்வளவு மரியாதை அந்த இடத்தில் அவர்களுக்கு அதற்கு முன்னால் கிடைத்ததில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "அதுல அடிச்சுத் திருத்த முடியாது." தம்பி வீட்டு மாடியில் ஒரு அறை. அவர் கருமி இல்லை. தம்பி பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பதில் கை தாராளம். ஆனால் ஒரு பொருள் வீணாவதைப் பார்த்தால் அவருக்கு உடம்பு பதறும். வந்த உறையைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பி ஒட்டுவார். பென்சில் கட்டையாகிப் பிடி கிடைக்காமல் போனால் பேனா மூடிக்குள் செருகி எழுதுவார். அவர் தம்பி மனைவி ஒருமுறை என்னிடமே சொன்னாள்: "எங்க நாத்தனார் விட்டா நிழலைக்கூட மடிச்சு அலமாரில வச்சுடுவாங்க."

தொழிற்சாலையை மூடிய வருஷம், ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர் இந்த அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். வேலை போன டைப்பக்காவை டைப் அடிக்கச் சேர்த்துக்கொண்டார். வேலை போனவர்கள் ஊரைவிட்டுச் சிதறுவதற்குள் ஊரில் ஒவ்வொருவரையும் பேசச் சொல்லிப் பதிவு செய்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. யாரோ ஒரு டேப் ரெக்கார்டர் கொடுத்தார்கள். இன்னொருவர் ஒரு டப்பா கேசட் கொடுத்தார். பேசுகிற ஜனம் ஒரு ஊர், இருக்கிற கேசட் ஒரு டப்பா. யானைப் பசிக்குச் சோளப்பொரி. வாத்தியார் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது வழி சொன்னது டைப்பக்காதான்.

வழி இதுதான். வாத்தியாரும் அவரும் ஒரு வீட்டுக்குப் போய்ப் பதிவு செய்வார்கள். திரும்பி வந்து டைப்பக்கா கேட்டுக் கேட்டு டைப் அடிப்பார். வாத்தியார் படித்துப் பார்த்துக் கையெழுத்து வைப்பார். உடனே டேப்பை ரீவைண்ட் செய்து, அதே கேசட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புவார்கள். பேச்சுதான் காகிதத்துக்கு வந்துவிட்டதே, சாறு பிழிந்த பிறகு சக்கை எதற்கு என்பது அவர் கணக்கு. வாத்தியாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "உன்ன மாதிரி நாலு பேர் இருந்தா நாடு எங்கயோ போயிடும்" என்றாராம்.

அந்தக் காகிதங்கள் சிவப்பு அட்டை போட்ட தொகுதிகளாக பீரோவில் இருக்கின்றன. நான் ஒன்றிரண்டைப் புரட்டியிருக்கிறேன். குற்றம் சொல்லக் கூடாது, ஒரு எழுத்துப் பிழை கிடையாது. ஆனால் உலைக்குக் கரி தள்ளினவரும், பல் பிடுங்கினவரும், லாரி ஓட்டினவரும் அதில் ஒரே வாயால் பேசுவார்கள். 'எனது இளமைக் காலத்தில் யான் அடைந்த இன்னல்கள் பலவாகும்' என்று எங்கள் ஊர் லாரி டிரைவர் பேசியதாக இருக்கிறது. அந்த ஆளை எனக்குத் தெரியும். இரண்டு வார்த்தைக்கு ஒரு கெட்ட வார்த்தை இல்லாமல் அவரால் மூச்சு விட முடியாது.

இதைப் பற்றி ஒருநாள் கேட்டேன்.

"போட்டோ எடுக்கும்போது தலை சீவிக்கிறோமா இல்லையா?" என்றார் டைப்பக்கா.

"சீவிக்கிறோம்க்கா."

"அதேதான். நாளைக்கு அவங்க பேரப் பசங்க படிப்பாங்க. யாரும் அழுக்குச் சட்டையோட நிக்கக் கூடாது, தம்பி."

ஊரையே உட்கார வைத்து ஒவ்வொருவருக்கும் சலவைச் சட்டை மாட்டிவிட்டிருக்கிறார். அது அவருடைய அன்பு என்று எனக்குப் புரிந்தது. அந்தத் தொகுதிகள்தான் தன் ஆயுளின் வேலை என்று அவர் நினைத்தார்.

வாத்தியார் போய்ச் சேர்ந்தார். டேப் ரெக்கார்டர் பீரோவின் அடித்தட்டுக்குப் போனது. வருஷங்கள் ஓடின. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, போன வருஷம் ஒரு புது அதிகாரி வந்தார். வந்த வேகத்தில் பஸ் நிலையத்தில் ஒரு பெரிய பேனர் கட்டினார். 'நம் ஊரின் குரல்கள். நேரில் கேட்க வாருங்கள்.' பக்கத்தில் ஹெட்போன் போட்டுக்கொண்டு சிரிக்கிற ஒரு பெண்ணின் படம்.

"சார், நம்மகிட்ட ஹெட்போனே கிடையாதே" என்றேன்.

"அது ஒரு ஈர்ப்புக்குப்பா" என்றார். ஈர்ப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவன் வாசலில் உட்கார்ந்திருக்கிற நான். இதெல்லாம் அவர்களுக்கு எங்கே புரிகிறது.

மழை இல்லாத ஒரு மதியம் ஒரு பெண்மணி வந்தார். நல்ல உடம்பு, கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார். டிக்கெட் வாங்கினார். அச்சுகளைப் பார்க்கவில்லை, மணியைப் பார்க்கவில்லை, கழிப்பறையைப் பற்றியும் கேட்கவில்லை.

"குரல் எங்க கேக்கணும்?" என்றார்.

யாருடைய குரல் என்றேன். தன் அம்மாவுடையது என்றார். அம்மா தொழிற்சாலையில் பாட்டில்களை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலை செய்தவர். ஊரில் வைக்கோலக்கா என்றால் தெரியும். வாத்தியார் ஒருவர் வீட்டுக்கு வந்து பதிவு செய்தது தனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அப்போது தான் சின்னப் பெண் என்றார். நான் அவரைப் பின்னறைக்கு அழைத்துப் போனேன்.

டைப்பக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தொகுதிகளைத் தேடி ஒருவர் வருவது அவர் நெடுநாள் கனவு. தேடாமலே கை சரியான தொகுதிக்குப் போனது. பக்கத்தைப் பிரித்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, ஜன்னலையும் திறந்துவிட்டார்.

அந்தப் பெண்மணி வாய்விட்டு மெதுவாகப் படித்தார். "'சிறு வயதிலேயே தொழிற்சாலையில் சேரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கு பணிபுரிந்தமை குறித்து யான் பெருமிதம் கொள்கிறேன். எனது மகளும் கல்வியில் சிறந்து விளங்குகிறாள்.'"

படித்துவிட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அடக்க முடியாமல் வந்தது.

"எங்கம்மா பெருமிதம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கு அவங்களுக்கு நாக்கு சுளுக்கியிருக்கும்."

"சொன்ன விஷயத்தைத்தான் எழுதியிருக்கேன்" என்றார் டைப்பக்கா. "கொஞ்சம் சீர் பண்ணியிருக்கேன், அவ்வளவுதான்."

"நல்லா எழுதியிருக்கீங்க மேடம். நான் குறை சொல்லல. இதைப் படிக்க வரல நான், கேக்க வந்தேன். டேப்பு எங்க இருக்கு?"

"டேப்பு இல்ல. அது மேல வேற ஆளுங்களப் பதிவு பண்ணிட்டோம்."

அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார், நான் ஏதோ மறுத்துச் சொல்வேன் என்பதுபோல. நான் பீரோவைப் பார்த்தேன்.

"அப்போ பேனர்ல போட்டிருக்கே?"

"அது ஒரு ஈர்ப்புக்கு" என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம் வருகிறது.

அவர் தொகுதியை மூடினார். பிறகு சத்தமில்லாமல், யாரிடமும் சண்டைக்கு வராத குரலில் பேசினார். "அம்மா போய் ரொம்ப வருஷம் ஆச்சுங்க. முகம் ஞாபகம் இருக்கு, போட்டோ இருக்கு. கையை எப்படி வீசி நடப்பாங்கன்னுகூட இருக்கு. குரல் மட்டும் போயிடுச்சு. ஒருநாள் பாத்திரம் கழுவிட்டிருக்கும்போது நினைச்சுப் பாத்தேன், வரல. அப்புறம் எவ்வளவு முயற்சி பண்ணியும் வரல. என்னடா இது, பெத்தவ குரலை ஒருத்தி மறப்பாளான்னு எனக்கே பயமா இருக்கு. வேற ஒரு வேலையா இந்த ஊருக்கு வந்தேன், பஸ் ஸ்டாண்டுல அந்தப் போர்டைப் பாத்ததும் கால் நேரா இங்க வந்துடுச்சு."

"அவங்க பேசினது எல்லாம் இதுல இருக்கும்மா" என்று டைப்பக்கா தொகுதியைத் தொட்டார்.

"இல்லைங்க மேடம். இதுல நீங்கதான் பேசறீங்க."

சொன்னவருக்கே அது அதிகம் என்று பட்டிருக்க வேண்டும். உடனே மன்னிப்புக் கேட்டார். டைப்பக்கா பரவாயில்லை என்றார். நான் எதற்கும் இருக்கட்டும் என்று டிக்கெட்டின் பின்பக்கத்தில் அவர் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அன்றைக்குப் பின்னறையிலிருந்து தட்டெழுத்துச் சத்தம் வரவில்லை. சாயங்காலம் பூட்டப் போனபோது டைப்பக்கா அதே தொகுதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நான் பண்ணது தப்பா?"

"டீ சொல்லட்டுமாக்கா?" என்றேன்.

"நல்லவங்களாக் காட்டணும்னுதான் பண்ணேன். அவங்க எல்லாம் ஏற்கெனவே நல்லவங்கதானேன்னு அந்தப் பொண்ணு சிரிக்கும்போதுதான் தோணுச்சு." கண் துடைத்துக்கொண்டார். டைப்பக்கா அழுது அதுவரை நான் பார்த்ததில்லை.

மறுநாள் நான் வந்தபோது மேசையில் கேசட் டப்பா திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஈரத்துணி. டைப்பக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றார்.

"ராத்திரி படுத்திருக்கும்போதுதான் உறைச்சுது. நாங்க எதையும் அழிச்சதே இல்ல. முதல்லேர்ந்து மறுபடி பதிவு பண்ணோம், அவ்வளவுதான். அடுத்து வந்தவர் கம்மியாப் பேசியிருந்தா, முன்னாடி பேசினவங்களோட வால் அப்படியே கடைசில மிச்சம் இருக்கும் இல்ல?"

யோசித்துப் பார்த்தேன். சரிதான். "ஆனா எந்தக் கேசட்ல அந்தம்மா பேசினாங்கன்னு எப்படித் தெரியும்?"

டைப்பக்கா ஒரு கேசட்டைத் தூக்கிக் காட்டினார். மேலே ஒட்டியிருந்த சீட்டு அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. பழைய சீட்டைக் கிழித்தால் கேசட் கீறும், நேரமும் வீண் என்று, ஒவ்வொரு முறையும் புதுப் பெயரை எழுதிப் பழையதன் மேலேயே ஒட்டியிருக்கிறார். ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, ஒவ்வொரு சீட்டாக உரித்தார். நானும் ஒரு பக்கம் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் அருங்காட்சியகம் நடத்திய ஒரே அகழாய்வு அதுதான்.

கிடைத்தது. ஒரு கேசட்டில் மேல் சீட்டு உலைக்காரர். அதற்குக் கீழே பல் டாக்டர். அதற்கும் கீழே, மை வெளிறி, வைக்கோலக்கா. அதற்குக் கீழே வெறும் பிளாஸ்டிக்.

எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பயம். உலைக்காரரைப் பற்றிக் கவலை இல்லை. எதைக் கேட்டாலும் "உம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிற ஆள், ஊரில் அவருக்குப் பேரே உம்காரர். பயம் பல் டாக்டரைப் பற்றித்தான். ஆயுள் முழுக்க, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாதவர்களிடமே பேசிப் பழகியவர் அவர். நிறுத்தத் தெரியாது.

"அந்தம்மா எவ்வளவு நேரம் பேசினாங்க?"

"ரெண்டு பக்கமும் முழுசாப் பேசினாங்க. வாத்தியார் மைக்கைக் கை மாத்தி மாத்திப் பிடிச்சார்."

"டாக்டர்?"

டைப்பக்கா சிவப்பு அட்டையைத் திறந்து காட்டினார். தொகுதியில் பல் டாக்டரின் பக்கங்கள் தடியாக இருந்தன.

டேப் ரெக்கார்டரை எடுத்துப் பார்த்தால் உள்ளே ரப்பர் பெல்ட் இளகிப் பிசினாகியிருந்தது. நான் ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, இதுவே உங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்க வேண்டிய பொருளாச்சே என்றார். இருந்தாலும் வேறொரு மெஷினிலிருந்து பெல்ட் கழற்றிப் போட்டுக் கொடுத்தார். சாமர்த்தியம் பேசுகிறவன் வேலையும் செய்தால் மன்னித்துவிடலாம்.

கேசட்டைப் போட்டோம். வாத்தியாரின் கேள்வியும் "உம்"மும் கொஞ்ச நேரம். பிறகு ஒரு கரகரப்பு. அதன் பின் பல் டாக்டர். கடைவாய்ப் பல்லில் தொடங்கி, தன் கல்லூரி நாள், தன் மாமனார் குணம், ஊர் ஜனங்கள் பல் துலக்குகிற லட்சணம் என்று அந்தப் பக்கம் முடிகிறவரை பேசினார். திருப்பிப் போட்டோம். இந்தப் பக்கமும் அவரேதான். டைப்பக்கா இரண்டு கையையும் மேசைமேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். டேப் உருளை மெலிந்துகொண்டே வந்தது. செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் மனசுக்குள் திட்டினேன்.

அப்போது பல் டாக்டர், "சரி வாத்தியாரே, யாரோ வலியில துடிச்சுக்கிட்டு வந்திருக்காங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார். டக்கென்று ஒரு சத்தம். அடுத்த நொடி, பாதி வாக்கியத்திலிருந்து, ஒரு பெண் குரல்.

யாரோ பேர் தெரியாத ஒரு மனிதரின் பல்வலிக்கு எங்கள் ஊர் வரலாறு என்றைக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

டைப்பக்கா அந்தக் குரலை ஒரு வார்த்தைக்கு மேல் ஓடவிடவில்லை. பட்டென்று நிறுத்தி கேசட்டை வெளியே எடுத்தார். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் எந்த மெஷினும் அதன் மேல் மறுபடி பதிவு செய்யாது. கொண்டையிலிருந்து ஊசியை உருவி, இரண்டையும் உடைத்துப் போட்டார்.

"மீதியை அந்தப் பொண்ணு முதல்ல கேக்கட்டும்" என்றார். "போன் பண்ணு."

போனில் விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் காலை நான் கதவைத் திறக்கும்போதே வாசலில் நின்றார். டிக்கெட் வேண்டாம் என்றேன். கட்டாயப்படுத்தி வாங்கினார்.

டைப்பக்கா சத்தத்தைக் குறைத்து வைத்து ஓடவிட்டார். காப்பகத்தில் உரக்கப் பேசினால் அவருக்கு ஆகாது, அதே பழக்கம். அந்தப் பெண்மணி முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

"...கை எல்லாம் கீறிக்கிடும். வைக்கோல்தானே, மெத்துன்னு இருக்கும்னு நினைப்பாங்க. ஒரு நாள் சுத்திப் பாக்கச் சொல்லுங்க, தெரியும். பாட்டில் உடைஞ்சா நம்ம தலைலதான் விடியும். உடைக்காம இருந்தா ஒருத்தன் நல்லாருக்குன்னு சொல்ல மாட்டான்..."

நான் அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்தேன். மலரவில்லை. நெற்றி சுருங்கியது. காதை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இது அவங்களா?" என்று கேட்டார்.

டைப்பக்கா திகைத்துப்போனார். "அவங்கதாம்மா. சீட்டுல இருக்கு. நான் பக்கத்துல இருந்தேன்."

"தெரியலையே. யாரோ பேசற மாதிரி இருக்கே." ஸ்பீக்கரிலிருந்து காதை எடுத்தார். "எனக்குத் தெரியலைங்க."

வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது என்று சொல்வார்கள். கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குப் பார்த்தேன். டேப் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியார் சம்பளத்தைப் பற்றி ஏதோ கேட்டார். அந்தக் குரல் பதில் சொல்லத் தொடங்கியது. தூரத்தில் ஒரு கதவு இழுபடுகிற சத்தம். குரல் பாதியில் திரும்பியது.

"வந்தியா குண்டூசி? செருப்பை வெளிய விடு. வெளியன்னா வெளிய!"

அந்தப் பெண்மணியின் கை வாய்க்குப் போனது. இன்றைய உடம்புக்கு அவரை யாரும் குண்டூசி என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அம்மாவைத் தவிர வேறு யாரும் என்றைக்குமே கூப்பிட்டதில்லை என்று பிறகு சொன்னார்.

டேப்பில் ஒரு சிறுமியின் எரிச்சல் குரல்: "யாரும்மா இவங்க? மெதுவாப் பேசும்மா, எதிர்வீட்டு வரைக்கும் கேக்குது."

"பாத்தீங்களா வாத்தியாரே, இதான் இவ. எப்பப் பாரு மெதுவாப் பேசு, மெதுவாப் பேசு. கூட வர்ற பசங்க சிரிக்குதாம், மானம் போகுதாம். பாட்டில் உருள்ற சத்தத்துல கத்திக் கத்திப் பேசின வாய், இனிமே எங்க போய் மெதுவாப் பேசறது? இவ படிச்சு, என் சத்தம் கேக்காத தூரத்துக்கு ஒரு ஊருக்குப் போய் நிம்மதியா இருக்கட்டும். அது போதும் எனக்கு." சொல்லிவிட்டு அந்தக் குரல் பெரிதாகச் சிரித்தது.

"இதான்" என்றார் அந்தப் பெண்மணி. "இதான். இதான் எங்கம்மா." கைப்பை மடியிலிருந்து கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. முகம் முழுக்கக் கண்ணீர், நடுவில் ஒரு சிரிப்பு.

"இந்த இடத்தை நான் எழுதவே இல்லம்மா" என்றார் டைப்பக்கா. அவர் குரலும் உடைந்திருந்தது. "நடுவுல வந்த குறுக்கீடுன்னு விட்டுட்டேன்."

அந்தப் பெண்மணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உருளையில் டேப் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. அம்மா மறுபடி சம்பளக் கதைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"அக்கா, சத்தம் இன்னும் பெருசா வைங்களேன்" என்றார் அந்தப் பெண்மணி.

டைப்பக்கா குமிழைப் பிடித்து, அது திரும்புகிற மட்டும் திருப்பினார்.